கண் போகாத பக்கம்

சங்குநகரில் பொழுது விடிவது என்பது சுவர் வெளுப்பதுதான். வியாழனைச் சுற்றிவரும் காலிஸ்டோ என்னும் நிலவில், பனிக்கட்டியைக் குடைந்து கட்டிய ஊர் அது. அங்கே சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. சுவர் மெல்ல வெளுத்ததும் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் பொருத்தியிருக்கும் சிறு காதுமணி பேசத் தொடங்கும். முந்தின நாள் அவர் எதையெதை அதிகம் பார்த்தார் என்று வரிசையாகச் சொல்லும். அடுத்தவர் காதில் விழாது. பல் தேய்த்துக்கொண்டே எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள்.

பிரிட்டோவின் காதில் அன்று இப்படிச் சொன்னது:

"நேற்று நீங்கள் மிகுதியாகப் பார்த்தவை. முதலாவது, சாப்பாட்டு மேசைக்கு எதிரே உள்ள காற்றுக்குழாய். இரண்டாவது, திரு. லூர்துவின் முதுகு. மூன்றாவது, தேநீர்க் குவளை..."

மனைவி ரோஸ்லினின் பெயர் வருவதற்குள் அவன் வாய் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, துண்டைக் கொடியில் போட்டிருந்தான்.

"என்ன சொல்லுது உங்க காது?" என்று ரோஸ்லின் பாசிமாவு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்பவும்போலதான். லூர்து முதுகு."

"ரெண்டு பேருக்கும் கல்யாணத்தை முடிச்சு வச்சிரலாம். நான் வேணா இட்லி அவிச்சுப் போடுதேன்."

பிரிட்டோ காற்றுக்குழாயைப் பார்த்தபடி சிரித்தான். அவள் இருந்த பக்கம் அவன் முகம் திரும்பவில்லை. ஆனால் அவள் தம்ளரை எடுக்கக் கை நீட்டுவதற்கு முன்பே அதை அவள் பக்கம் நகர்த்திவிட்டான். இடது கையில் அவளுக்குப் புதிதாய் ஒரு கீறல் விழுந்திருப்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் வேலை பார்க்கும் பாசித்தொட்டியின் விளிம்பு கிழித்திருக்கும். மருந்துப் பசையை எடுத்துத் தட்டின் அருகில் வைத்தான். அவளும் எடுத்துப் பூசிக்கொண்டாள். அந்த வீட்டில் எல்லாம் இப்படித்தான் நடந்தது.

அதற்கு அவனுடைய தொழில்தான் காரணம்.

பூமியில் முட்டைபோல நீண்ட பந்தை வைத்து ஓர் ஆட்டம் ஆடினார்கள். அமெரிக்கக் கால்பந்து என்று பெயர். காலுக்கு அதில் அதிகம் வேலை இல்லாதபோது ஏன் அந்தப் பெயர் என்று சங்குநகரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஊரே அந்த ஆட்டத்தில் கிறுக்காக இருந்தது. அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் உண்டு. முன்னால் குனிந்து நிற்கும் ஆட்டக்காரன் பந்தைப் பின்னால் தள்ள, இவன் அதை வாங்குவான். பிரிட்டோவுக்குப் பந்து தருபவன்தான் லூர்து. அவன் முதுகு பதிவில் இடம்பிடித்தது அதனால்தான். பந்து கைக்கு வந்த கணத்தில் எதிரணியின் தடுப்பை ஒரு பார்வையில் படித்து, தன் ஆட்களில் எவன் காவல் இல்லாமல் காலியாக நிற்கிறான் என்று கண்டுபிடித்து எறிய வேண்டும். அதற்குள் நாலைந்து தடியர்கள் வந்து அவனைக் கவிழ்த்துவிடுவார்கள்.

காலிஸ்டோவின் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் எட்டில் ஒரு பங்குதான். எறிந்த பந்து அவசரப்படாமல், ஆடி அசைந்து அந்தரத்தில் மிதந்து போகும். குவார்ட்டர்பேக்கின் கண் எங்கே போகிறது என்று கவனித்துவிட்டால், பந்து போய்ச் சேரும் முன்னே எதிரணி அங்கே போய்ப் பாய் விரித்துப் படுத்துவிடலாம். அதனால் சங்குநகரின் குவார்ட்டர்பேக்குகள் ஒரு வித்தையைப் பழகினார்கள். எறியப்போகும் ஆளைப் பார்ப்பதே இல்லை. வேண்டாத ஒருவனை ஆசையோடு பார்ப்பார்கள். வேண்டியவனை ஓரக்கண்ணின் ஓரத்தில் வைத்துக்கொண்டு எறிவார்கள்.

குவார்ட்டர்பேக்குகள் உண்மையிலேயே காலியான ஆளைக் கண்டுபிடிக்கிறார்களா, குருட்டு அதிர்ஷ்டமா என்று ஊருக்குள் ஓயாத சண்டை இருந்தது. அதைத் தீர்க்கத்தான் கண்ணுக்குப் பின்னால் நோக்குமானி என்ற கடுகளவுக் கருவியை வைத்தார்கள். அவன் பார்ப்பதையெல்லாம் அது குறித்துக்கொள்ளும். சுமாரான ஆட்டக்காரர்கள் எறிகிற ஆளையே பார்த்தார்கள் என்றும், மிக நல்லவர்கள் அவனைப் பார்க்கவே இல்லை என்றும் அது காட்டிக்கொடுத்தது. ஆட்டச் சங்கத்தார் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். அதற்குள் ஊர் நிர்வாகத்துக்குக் கருவி பிடித்துப்போய், எல்லோர் கண்ணிலும் வைத்தாகிவிட்டது. கருவியை ஆட்டத்திலிருந்தும், கணக்குப் போடும் சூத்திரத்தைப் பூமியிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். திருத்தத்தைக் கேட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

சூத்திரம் எளிமையானது. ஒருவர் எதை அதிகம் பார்க்கிறாரோ, அதன்மேல்தான் அவருக்கு அன்பு.

அன்று பயிற்சிக்குப் போகும் வழியில் பிரிட்டோவை, தம்பதிகளின் அன்பை அளக்கும் இணைவு அலுவலகத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அலுவலர் தனிஸ்லாஸ் எழுந்து நின்று வரவேற்றார்.

"உக்காருங்க தம்பி. போன ஆட்டத்துல கடைசியா எறிஞ்சீங்களே, எங்க வீட்டுல இன்னும் அதே பேச்சுதான். நீங்க வலப்பக்கம் பார்த்தீங்க. ஊரே வலப்பக்கம் பார்த்துச்சு. பந்து இடப்பக்கம் போகுது!"

"என்ன விஷயம் சார்?"

தனிஸ்லாஸ் உட்கார்ந்தார். குரல் தாழ்ந்தது. "உங்க வீட்டு விஷயந்தான். இணைவு ரொம்பத் தளர்ந்து கிடக்கு. சம்சாரத்தை நீங்க பாக்குறதே இல்லையே தம்பி. காத்துக்குழாயைப் பார்த்ததுல பாதிகூடப் பாக்கல."

இதன் பொருள் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரட்டை அறைகளும் காற்றும் அளவாகத்தான் இருந்தன. இணைவு இல்லாத தம்பதிகளைப் பிரித்து, வெளியே ஆள் தேவைப்படும் குடியிருப்புக்கு ஒருவரை அனுப்பிவிடுவார்கள்.

"அடுத்த மாசம் டைட்டனுக்குக் கப்பல் போகுது" என்றார் தனிஸ்லாஸ். "அங்க பாசித்தொட்டி பாக்க ஆள் இல்லாமத் தவிக்காங்க. உங்க சம்சாரம் அதே வேலைல்லா."

டைட்டன் சனியின் நிலவு. போய்ச் சேரவே வருடங்கள் ஆகும். போகிற கப்பல் அங்கேயே பிரிக்கப்பட்டு வீடுகளாகிவிடும். திரும்பி வந்தவர் என்று ஒருவரும் இல்லை.

"சார், நான் குவார்ட்டர்பேக். நான் பாக்காத ஆளுக்குத்தான் பந்தே போகும். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குப் புரியுது தம்பி. சூத்திரத்துக்குப் புரியணுமே."

"அவளைப் பாக்காம இருக்கறதுனாலதான் சார் அவ..." சொல்ல வந்ததை அவனால் முடிக்க முடியவில்லை.

"ஒரு மாசம் இருக்கு. நல்லாப் பாருங்க. கண் நிறையப் பாருங்க. பதிவு ஏறிரும். ஒண்ணே ஒண்ணு, அவங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. சொன்னா உங்க காதுமணி கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். பதிவு செல்லாமப் போயிரும். முன்னால ரெண்டு பேருக்கும் சொல்லிட்டுதான் இருந்தோம். புருசனும் பொண்டாட்டியும் சோத்தை ஆறப்போட்டுட்டுச் சண்டைச்சேவல் மாதிரி முறைச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம்."

பிரிட்டோ அன்றைக்கே பார்க்கத் தொடங்கினான்.

நினைத்ததைவிட அது கடினமாக இருந்தது. அவள் அறைக்குள் வந்தாலே அவன் கழுத்து தானாக மறுபக்கம் திரும்பியது. பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள், சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல, பார்த்துப் பார்த்து விலக்கிக்கொண்டான். பிறகு மெல்ல மெல்லப் பழகியது. பழகியபிறகு விலக்க முடியவில்லை.

ஓரக்கண்ணுக்கு அகப்படாதவை எத்தனையோ இருந்தன. அவளது வலது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு சின்ன இடம் இருந்தது. யோசிக்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். காதோரம் ஒரு நரைமுடி. அவளுக்கே தெரியாது போலிருந்தது. இட்லித்தட்டைத் திறக்கும்போது ஆவிக்குப் பயந்து ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்த ஒருத்தியை இப்போதுதான் பெண் பார்க்க வந்ததுபோல அவன் பார்த்தான். காதுமணியின் வரிசையில் அவள் பெயர் நாளுக்கு நாள் மேலே ஏறியது. குவளையைத் தாண்டியது. லூர்துவின் முதுகைத் தாண்டியது.

"என்ன பாக்கிய?" என்றாள் ஒருநாள், தலை வாரிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல."

"முகத்துல ஏதும் ஒட்டியிருக்கா?"

"சும்மாதான் ரோசு."

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். கண்ணாடியில் அவனுடைய கண்கள் இன்னும் தன்மேலேயே இருப்பதைக் கவனித்தாள். அப்புறம் பின்னலை முடிக்காமலே எழுந்து போய்விட்டாள்.

ரோஸ்லின் சாதாரண வீட்டுப் பெண் இல்லை. அவள் அப்பா சவரியான் ஒரு காலத்தில் சங்குநகரின் பேர்போன கடைக்காவல். தடுப்பணியின் கடைசியில் தனியே நின்று, எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்துப் பந்தை மறிப்பதுதான் கடைக்காவலின் வேலை. அப்பா ஆடிய ஆட்டங்களை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் அவள். பிரிட்டோ எவனுக்கு எறியப் போகிறான் என்று ஊரில் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆளும் அவள்தான்.

அவர்கள் கல்யாணமே அப்படித்தான் கூடிவந்தது. மாதா கோவில் அசன விருந்தில் பிரிட்டோ சாம்பார் வாளியோடு பந்தி பரிமாறிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "ஊத்தட்டுமா, ஊத்தட்டுமா" என்று கேட்டு வந்தவன், ரோஸ்லினின் இலைக்கு வந்ததும் கூரையைப் பார்த்தபடி ஊற்றினான். ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"இலை நிறைஞ்சு மடியில வழியுது" என்றாள் அவள். "இந்தப் பந்தியில எல்லார் மூஞ்சியையும் பாத்திய. என் மூஞ்சிய மட்டும் பாக்கல. அப்ப எறியுறது எனக்குத்தானா?"

வாளி அவன் கையிலிருந்து நழுவி, காலிஸ்டோவின் சோம்பேறி ஈர்ப்பில் மிதந்து மிதந்து இறங்கியது. அத்தனை நேரமும் அவன் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவன் சொன்ன சம்மதம்.

அப்போதிருந்து ஆட்டக்குகையில் அவளுக்கென்று ஓரிடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பிரிட்டோவின் முகம் நேராகத் தெரியும். ஆட்டம் முழுக்க அவன் கண் அந்தப் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பாது. அவளுக்கு அது போதும்.

இப்போது பார்க்கப் பழகிய கண் ஆட்டத்தையும் கெடுத்தது. வேண்டியவரைப் பார்ப்பது ஒருமுறை வழக்கமாகிவிட்டால், வீடு வேறு மைதானம் வேறு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. காலியாக நிற்கும் ஆளைப் பிரிட்டோ நேராகப் பார்த்தான். பந்து போய்ச் சேரும்போது அங்கே நாலு பேர் நின்றார்கள்.

"ஏல பிரிட்டோ!" பயிற்சியாளர் வடிவு ஓரத்திலிருந்து கத்தினாள். "எறியுறதுக்கு முந்தி எதிராளிக்குத் தந்தி அடிக்கியோ? கண்ணை எடுல!"

"மாப்ள, உனக்குக் கண்ணுல ஏதும் சீக்கா?" என்று லூர்து பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "முன்னெல்லாம் என் முதுகைப் பாத்துக்கிட்டே உலகத்தை அளப்ப. இப்ப உலகத்தையே முறைக்க. எனக்கே கூச்சமா இருக்கு."

பிரிட்டோ பந்துக்குக் கை நீட்டினான். ஆட்டம் போனால் போகட்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். ரோஸ்லின் இல்லாத சங்குநகரில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேலி நின்றது. தம்ளர் கைக்கு எட்டாத இடத்திலேயே இருந்தது. அவளாக எழுந்து எடுத்துக்கொண்டாள். முகத்தைப் பார்ப்பதில் மூழ்கியிருந்தவன் கையைக் கவனிக்கவில்லை. புதிய கீறல்கள் மருந்தில்லாமலே ஆறின.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் ஒரு மத்தியானம்.

"கேளு."

"இப்ப யாரு காலியா நிக்கா?"

அவன் சிரித்தான். ஆட்டத்தைக் கேட்கிறாள் என்று நினைத்தான். "ஒருத்தனும் இல்ல ரோசு. எங்க எறிஞ்சாலும் அங்க நாலு பேரு."

"அப்படியா" என்றாள். அவன் கண்கள் தன் முகத்தைவிட்டு அசையவில்லை என்பதை இன்னொருமுறை பார்த்துக்கொண்டாள். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். எவ்வளவு அழகு என்று பிரிட்டோ நினைத்தான்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. பதிவு முடிய இன்னும் கொஞ்சம்தான் குறைந்தது. குகை நிறைய ஜனம். பந்து கைக்கு வந்ததும் பிரிட்டோ தடுப்பைப் படிக்கவில்லை. தலையை நிமிர்த்தி, ரோஸ்லின் உட்கார்ந்திருந்த இடத்தை நேராகப் பார்த்தான். ஊர் பார்க்கட்டும் என்று பார்த்தான். பெரிய திரையில் அவன் பார்வை போகும் கோடு செந்நிறத்தில் நீண்டு, பெண்கள் வரிசையில் நீலப்புடவை கட்டியிருந்த ரோஸ்லினின் முகத்தில் போய் நின்றது. ஜனம் ஆர்ப்பரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். தடியர்கள் வந்து அவனைக் கவிழ்த்தார்கள். விழும்போதும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

கும்பலுக்கு அடியிலிருந்து எழுந்து பார்த்தபோது அவள் இடம் காலியாக இருந்தது. கூட்டத்துக்கு வெட்கப்பட்டு எழுந்து போயிருப்பாள் என்று எண்ணிக்கொண்டான்.

மறுநாள் காலை காதுமணி சொன்னது: "முதலாவது, உங்கள் மனைவி ரோஸ்லின்." பிரிட்டோ பல் தேய்க்கும் தூரிகையோடு அவளைத் தேடி ஓடினான். வீட்டில் அவள் இல்லை. வேலைக்குச் சீக்கிரமே போயிருப்பாள். இணைவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு, நேரே பாசித்தொட்டிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சிரிப்பாள். சண்டைச்சேவல் கதையைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

தனிஸ்லாஸ் இந்த முறையும் எழுந்து நின்றார். ஆனால் கைகுலுக்கவில்லை.

"பதிவு ஏறிட்டு தம்பி. இந்த ஊரிலேயே உங்க இணைவுக்கு ஈடு கிடையாது. ஆனா..."

"ஆனா?"

"விடியும்போதே உங்க சம்சாரம் வந்திருந்தாங்க. தானா விலகிக்கிடுதேன்னு சொன்னாங்க. இன்னைக்குக் கிளம்புற டைட்டன் கப்பல்ல பேரும் குடுத்துட்டாங்க. விலகுறவங்ககிட்ட காரணம் கேக்கவோ பதிவைப் பத்திச் சொல்லவோ எங்களுக்கு அதிகாரம் இல்ல. அவங்களாத்தான் சொன்னாங்க. 'என் வீட்டுக்காரர் யாரைப் பாக்காரோ அவங்களுக்குப் பந்து போகாது சார்'னு."

பிரிட்டோவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே கணத்தில் புரிந்தது, தடுப்பு முழுவதும் கண்முன் விரிவதுபோல. யாரு காலியா நிக்கா என்று அவள் கேட்டது ஆட்டத்தை அல்ல. அவன் ஆசையோடு பார்க்கும் ஆள், எதிரணியை ஏமாற்றுவதற்காகப் பார்க்கும் ஆள். ஊரில் அந்தக் கண்ணைப் படிக்கத் தெரிந்த ஒரே பெண்ணை, ஒரு மாதம் முழுக்க, கண் கொட்டாமல் பார்த்திருக்கிறான்.

"திருப்ப முடியாதா சார்?"

"அவங்க மூச்சுக்காத்து டைட்டன் கணக்குல ஏறிட்டு தம்பி. இங்க அவங்களுக்குக் காத்தில்ல."

கப்பல்துறைக்கு அவன் போன வேகத்தில் இரண்டு இடத்தில் கூரையில் தலை இடித்தது. பயணிகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடைத்தாகிவிட்டது. ரோஸ்லின் நீலப்புடவையிலேயே இருந்தாள். பேசும் குழாயைப் பிடித்துக்கொண்டு பிரிட்டோ எல்லாவற்றையும் சொன்னான். தனிஸ்லாஸ், சூத்திரம், சட்டம், காற்றுக்குழாய், ஒன்றுவிடாமல். அவளைத் திரும்பக் கூட்டிவர முடியாது என்று தெரியும். நம்பிவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

அவள் முழுவதும் கேட்டாள்.

"நல்லாச் சொல்லுதிய. எங்கயும் தட்டல" என்றாள். "நம்பணும்னுதான் எனக்கும் ஆசையா இருக்கு. ஆனா கண்ணை எடுக்காமச் சொல்லுதியளே."

"ரோசு, சத்தியமா..."

"நல்ல குவார்ட்டர்பேக்கு பொய்ய வாயால சொல்ல மாட்டான், கண்ணாலதான் சொல்லுவான்னு எங்கப்பா சொல்லுவாவ. இந்த ஊரிலேயே நல்ல குவார்ட்டர்பேக்கு நீங்கதான்." அவள் குரல் உடைந்தது. "அது யாருன்னு நான் கேக்கல. நல்லா இருங்க. அவ கையில கீறல் விழுந்தா மருந்து எடுத்து வைங்க."

மணி அடித்தது. உள்கதவு நகரத் தொடங்கியது.

பிரிட்டோ குழாயைக் கீழே வைத்தான். கழுத்தைத் திருப்பினான். சுவரோரம் தீயணைப்பு உருளை ஒன்று சிவப்பாக மாட்டியிருந்தது. அதைப் பார்த்தான். தன்னிடமிருந்த வித்தை முழுவதையும் திரட்டி, உலகத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுபோலப் பார்த்தான். அவள் இருந்த பக்கம் அவன் உடம்பு பூராவும் காதாகக் காத்திருந்தது.

கண்ணாடியில் ஒரு தட்டல் கேட்டது. பிறகு படபடவென்று இரண்டு கைகளாலும் தட்டும் ஓசை. திரும்பினால் எல்லாம் கெட்டுவிடும். ஓரக்கண்ணில் நீலம் ஒன்று அசைந்தது. ஒரு மாதமாகப் பழகாத ஓரக்கண், அதில் முகம் தெரியவில்லை. அவன் உருளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவு மூடும் ஓசை முடிந்து, அதிர்வு அடங்கும் வரை எடுக்கவில்லை.

"என்ன சார் ஆளு நீங்க" என்றான் துறைக் காவலாளி. "அந்த அக்கா கண்ணாடியில நெத்தியை முட்டிக்கிட்டு அழுதாவ. அழுகையா சிரிப்பான்னு தெரியல. உங்களைத்தான் கூப்பிட்டாவ. ஒருதடவை திரும்பிப் பாத்தா என்ன?"

மறுநாள் காதுமணி சொன்னது: "நேற்று நீங்கள் மிகுதியாகப் பார்த்தது, தீயணைப்பு உருளை."

அதன்பிறகு பிரிட்டோ ஆடவில்லை. பார்க்காமல் எறிவதும் மறந்துபோயிருந்தது, பார்த்து எறிவதும் முடியவில்லை. வடிவு இரண்டு முறை வந்து திட்டிப் பார்த்தாள். மூன்றாம் முறை திட்டாமல் போய்விட்டாள். அவனிடம் கைத்திரையில் ரோஸ்லினின் படங்கள் இருந்தன. எழுந்ததும் எடுத்தான், சாப்பிடும்போது எதிரே சாய்த்து வைத்துக்கொண்டான், தூங்கும்போது தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டான். கப்பலிலிருந்து அவள் செய்தி ஏதும் வருமா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தொலைவு கூடக்கூடக் கப்பலின் பொதுச் செய்திகளும் தேய்ந்து, ஒருநாள் நின்றுபோயின. அவன் தள்ளுவது நிற்கவில்லை. காதுமணி நாள்தோறும் ஒரே பெயரை முதலாவதாகச் சொன்னது. அவன் அதைக் கவனிப்பதையும் விட்டிருந்தான்.

சில மாதம் கழித்து இணைவு அலுவலகத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. ஒற்றை ஆளுக்கு இரட்டை அறை எதற்கு, காலிசெய்யச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போனான்.

"அறை உங்களுக்கே உறுதியாயிருக்கு தம்பி" என்றார் தனிஸ்லாஸ், அவன் முகத்தைப் பார்க்காமல். "இணைவு ரொம்பப் பலமா இருக்காம்."

"யாரோட?"

"உங்க கைத்திரையோட."

பிரிட்டோ அவரையே பார்த்தான். "சார், நான் பாக்குறது திரையை இல்ல. அதுக்குள்ள இருக்கறவளை."

"எனக்குப் புரியுது தம்பி." அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "நீங்க அன்னைக்குக் குவார்ட்டர்பேக்கு கதையைச் சொன்னப்ப, அதுக்குச் சூத்திரத்துல இடம் தேடினேன். இல்ல. ஆனா இதுக்கு மட்டும் முதல் வரியிலேயே இடம் இருக்கு. பூமியில எழுதினதுல்லா. அந்தக் காலத்துல அங்க ஆளாளுக்குக் கைப்பேசின்னு ஒண்ணு வச்சிருந்தாங்களாம். சூத்திரத்தை முதல்ல அங்கதான் போட்டுப் பாத்திருக்காங்க. வீட்டுல பொண்டாட்டி, பிள்ளை, தாய் தகப்பன் எல்லாரும் பக்கத்துலயே உக்காந்திருக்க, அத்தனை பேருக்கும் இதே முடிவுதான் வந்துதாம்."

"சூத்திரம் தப்புன்னு ஒருத்தரும் சொல்லலியா?"

"சொல்லணும்னா நிமிரணுமே தம்பி."

பிரிட்டோ வெளியே வந்தான். நடையில் நீண்ட பெஞ்சு. தம்பதி தம்பதியாக ஜனங்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, எல்லோரும் குனிந்து, அவரவர் மடியில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரின் பழைய குவார்ட்டர்பேக் எதிரே வந்து நின்றும் ஒரு தலை நிமிரவில்லை.

எங்கேயோ போயிருந்த அவனது பழைய கண் அந்த ஒரு கணம் திரும்பி வந்தது. பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே பார்வையில் படித்தான். ஒருவரையும் யாரும் காவல் காக்கவில்லை. அத்தனை பேரும் காலியாகத்தான் இருந்தார்கள், ஒரு முழ தூரத்தில், கையை நீட்டினால் போதும் என்கிற இடத்தில்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். அப்போது அவன் சட்டைப்பை அதிர்ந்தது. பிரிட்டோ குனிந்து, கைத்திரையை எடுத்துப் பார்த்தான்.